குவைத்தில் நின்றுபோன வெள்ளைக் கவுன்

புதுத் தையல் மிஷினுக்கு விட்ட எண்ணெயின் வாசம்தான், எங்கள் வீட்டுக்கு நஷ்டஈடு வந்த நாளின் வாசமாக இன்றும் என் நினைவில் இருக்கிறது. கீரமங்கலத்திலிருந்து குவைத்துக்குப் போய்த் தையற்கடை வைத்திருந்த அப்பா, அங்கே போர் மூண்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டு, பாலைவனம் கடந்து, மாற்றுத்துணிகூட இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தபோது எனக்கு நாலு வயது. இழந்த பொருளுக்கு நஷ்டஈடு உண்டு என்று அரசாங்கம் சொன்னதும் புதுக்கோட்டைக்கு அலைந்து, மிஷின், இஸ்திரிப்பெட்டி, மேசை என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பணம் கைக்கு வந்து புது மிஷின் வாங்குவதற்குள் நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

ஆனால் அப்பாவை உறுத்தியது அந்தப் பொருள்கள் அல்ல. ரீட்டா என்ற கோவா நர்ஸ் ஒருத்தி தன் கல்யாணக் கவுனுக்காகக் கொடுத்திருந்த வெள்ளைச் சாட்டின் துணி, பாதி தைத்தபடி அந்தக் கடையில் கிடந்தது. "அதையும் எழுதியிருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டால், "அது அந்தப் புள்ளையோடது. நம்பிக் குடுத்துச்சு. அதுக்கு நான் எப்புடிக் காசு வாங்குறது?" என்பார்.

புது மிஷினில் அவர் முதலில் தைத்தது அந்தக் கவுனைத்தான். அதேபோல் துணி எடுத்துவந்து, மறக்காத அளவில் வெட்டினார்.

"யாருக்குங்க இது?" என்றாள் அம்மா.

"தச்சு முடிச்சாத்தான் அடுத்த துணியில கை போகும்."

முடித்துச் சுவரில் மாட்டினார். அனுப்ப விலாசம் தெரியாது. குவைத்திலிருந்து திரும்பிய ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். அவள் இருக்கிறாளா என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் மாதா கோயிலில் எனக்குப் 'புதுநன்மை', முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் வேண்டும். அம்மா சுவரைப் பார்த்து, "அதையே சின்னதாக்கிப்புடலாம்ல?" என்றதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கவுன் பாயில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் கத்தரியோடு அப்பா. "இங்கிட்டு வா ஆத்தா" என்று கூப்பிட்டு என் தோளை அளந்தார்.

"வேணாம்ப்பா, அது அந்த அக்காவோடது" என்றேன்.

"நல்ல காரியத்துக்குன்னுதானே அந்தப் புள்ள துணி குடுத்துச்சு. ஒனக்குன்னா வேணாம்னா சொல்லும்?" என்றவர், துணியை ஒருமுறை தடவிவிட்டு வெட்டினார். புதுநன்மை அன்று கோயில் வாசலில் என் காதருகே குனிந்து, "அந்தப் புள்ளைக்கும் சேத்து வேண்டிக்க" என்றார். நான் அந்த அக்காவுக்குத்தான் முதலில் வேண்டிக்கொண்டேன்.

அந்தக் கவுன் தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குமாகக் கைமாறி எங்கோ கிழிந்து போயிற்று. மிஷின் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. டிவியில் ஏதாவது ஒரு நாட்டில் குண்டு விழுந்த தெருவைக் காட்டும்போதெல்லாம் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்: "அந்தத் தெருவுல ஒரு தையக்கடை இருந்திருக்கும்ல, ஆத்தா?"