பன்னிரண்டு நாளுக்கான உடுப்பு

கணவரின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வந்தவர்கள் மலை இறங்கிப் போன மறுநாள், ஆசியா காலண்டரில் முடிந்துபோன ஜூன் மாதத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். குறுக்கே நான்கு, நெடுக்கே மூன்று. குறுக்கே டாப்புகள், நெடுக்கே முக்காடுகள். எந்த டாப்பை எந்த முக்காட்டோடு போட்டாலும் பொருந்த வேண்டும். அப்படியானால் ஏழு துணியில் பன்னிரண்டு நாள். கட்டத்துக்குக் கீழே ‘பேன்ட் மூன்று, ஒரே கலர்’ என்று எழுதினாள். மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு துணி காய மூன்று நாளாகும். உடுத்த ஒன்று, துவைத்தது ஒன்று, காய்ந்துகொண்டிருப்பது ஒன்று.

கட்டத்தை மடித்துத் தையல் மிஷினின் டிராயரில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை என்பதும் உண்மைதான்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் அமீர் ஜான் ஏரிக்குப் போகும் ரோட்டில் இருபத்திரண்டு வருடம் காப்பித்தூள் கடை வைத்திருந்தார். மலைக்காரர்களிடம் கொட்டை வாங்கி, வறுத்து, வருபவர் கண் முன்னால் அரைத்துக் கொடுப்பார். மிளகும் தேனும் உண்டு. கொட்டையில் கல்லும் கருத்துப்போனதும் பொறுக்குவது ஆசியாவின் வேலை. அதை வீட்டிலேயே செய்தாள். சாப்பாட்டுக் கூடையைக் கொடுக்கப் போகும் நேரம் தவிர அவள் கடைக்குள் நின்றதில்லை. பிள்ளைகள் இல்லை. ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான்கு மாதம் பத்து நாள் அவள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

கணவரின் தம்பி பைசல் சேலத்திலிருந்து வந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டான். சனி, ஞாயிறு மட்டும் வந்து திறந்தான்.

“இத்தா முடியட்டுங்க அண்ணி. கடையப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கடையில் பைசலின் மச்சானை, அவன் மனைவி ஹசீனாவின் தம்பியை, உட்கார வைப்பார்கள். அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போய் மாடி அறையைக் கொடுப்பார்கள். பைசல் கெட்டவன் இல்லை; நன்றாகவே வைத்துக்கொள்வான். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைக்கப்படும். அந்தத் தட்டைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடையில் தானே உட்கார வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அதை வாயால் சொல்ல வராததால் துணியால் ஆரம்பித்தாள்.

சேலையோடு அரைக்கும் மிஷின் அருகே நிற்க முடியாது. முந்தானையைப் பெல்ட் இழுத்துவிடும். துப்பட்டாவும் ஆகாது. ஆகவே தைத்த முக்காடு, தொங்கும் நுனி இல்லாமல். கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே பட்டனோடு இறுகி நிற்க வேண்டும். இடுப்பில் சாவிக்கு ஒரு பை. இதையெல்லாம் அவள் ஒருமுறைகூட வேலை செய்யாத இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்து யோசித்தாள்.

டாப்புக்கான துணி பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அமீர் ஜான் எடுத்துக் கொடுத்தவை. இலைப்பச்சை, சாம்பல், கடுகு மஞ்சள், வெளிர்நீலம். “தெச்சியா?” என்று கேட்பார். “தைக்கணும்” என்பாள். போட்டுக்கொண்டு போக இடமில்லை என்பதை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முக்காட்டுக்குப் பழைய சேலைகள் மூன்று போதும். பேன்ட் துணிதான் வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தன் முதுகைத் தானே அளக்க முடியாது. ஊர்ப் பெண்களுக்கு எத்தனையோ ரவிக்கை தைத்தவளுக்கு, தன் தோளிலிருந்து தோளுக்கு எத்தனை அங்குலம் என்று தெரியவில்லை.

மாரமங்கலத்துக் கண்ணாயி வாரம் ஒருமுறை பஸ்ஸில் வருவாள். ஒரு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவள். அமீர் ஜானுக்குப் பல வருடமாகக் கொட்டை கொடுத்தவள். கடை சாத்தியிருந்ததால் வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

“ஏனுங்க பாயம்மா, பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?”

“சன்னலத் தொறந்தா லாட்ஜ் செவருதான் தெரியுது. வெளிச்சம் எங்கிருந்து வரும்? இந்தா, டேப்ப புடி. முதுகு அளவு எடு.”

“நம்பரு எறும்பாட்டம் இருக்குதுங்க. கண்ணாடிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.”

கண்ணாயி சாக்குக் கட்டும் சணல் ஒன்றை எடுத்து, ஆசியாவின் ஒரு தோளில் விரலால் அழுத்திப் பிடித்து மறு தோள்வரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“அடேங்கப்பா! இந்த முதுகுல ரெண்டு மூட்டை ஏத்தலாம் போலிருக்குதே. இத்தன நாளு சேலைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தீங்களாக்கும்?”

ஆசியா சிரித்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது. கண்ணாயி போன பிறகும் தோளில் அந்த விரல் பட்ட இடம் தனியாகத் தெரிந்தது. ஜூனுக்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் கையைப் பிடித்திருக்கிறார்கள், கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவையெல்லாம் இறந்தவருக்காக. இந்த விரல் அவளுடைய உடம்பு எவ்வளவு என்று பார்க்க வந்தது.

அடுத்த வாரம் கண்ணாயிக்குச் சேலத்தில் வேலை இருந்தது. பேன்ட் துணியை அவளிடம்தான் சொல்ல வேண்டும். நிறத்தை எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு காப்பி நிறம். ஆசியா டப்பாவிலிருந்து வறுத்த கொட்டை ஒன்றை எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தாள்.

“இதே கலர். ஏறவும் கூடாது, கொறையவும் கூடாது. ஏழு மீட்டர்.”

“கொட்டையக் காட்டித் துணி கேட்டா கடைக்காரன் என்னைய ஏற எறங்கப் பாப்பானுங்க.”

“பாத்துட்டுப் போறான்.”

பச்சை, சாம்பல், மஞ்சள், நீலம் எல்லாவற்றுக்கும் கீழே அடங்கி நிற்கும் நிறம் அது ஒன்றுதான் என்று அவள் கணக்கிட்டிருந்தாள். கட்டம் முழுவதும் அந்த ஒரு நிறத்தின் மேல் நின்றது.

துணி வந்தது. “கொட்டைய துணி மேல வெச்சனுங்க, காணாமப் போச்சு! தடவித்தான் எடுத்தேன்” என்றாள் கண்ணாயி. ஆசியாவும் எல்இடி பல்புக்கு நேர் கீழே துணியை விரித்து, கொட்டையை நடுவில் வைத்துப் பார்த்தாள். மெய்தான். கொட்டை துணிக்குள் மறைந்தது.

ஆகஸ்டும் செப்டம்பரும் தையலில் போயின. கத்தரி வைக்கும்முன் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் கையை அப்படியே வைத்திருப்பாள். வெட்டாத துணி எதுவாகவும் ஆகலாம். வெட்டியதும் அது ஒருத்தியின் சட்டை, அந்த ஒருத்தி அதற்குள் வந்தாக வேண்டும். தைத்து முடித்ததை அவள் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போட்டுப் பார்ப்பதை யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் மனம் வரவில்லை. முடிந்தவற்றைச் சுவர் ஆணிகளில் மாட்டினாள். செப்டம்பர் கடைசியில் தலையில்லாத நான்கு பேர் வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். சாப்பிடும்போது அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பிறகு ஒரு நாள் திரும்பி, பார்த்தபடியே உட்கார்ந்தாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமையோடு இத்தா முடிந்தது. பைசல் போன் செய்தான்.

“நாளைக்குக் காலைல நானும் ஹசீனாவும் கடைக்கு வர்றோங்க அண்ணி. அங்க வேலைய முடிச்சுட்டு ஊட்டுக்கு வந்து பேசறோம்.”

“நான் கடைக்கே வர்றேன் தம்பி.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்றான். அவள் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சை டாப், வெள்ளை முக்காடு. பின்பக்கம் சரியாக விழுகிறதா என்று பார்க்க முடியவில்லை. வீட்டுக் கண்ணாடி முகத்துக்கு மட்டுமே போதும். கதவைப் பூட்டி, லாட்ஜின் நிழலிலேயே படி இறங்கினாள். பல நாள் மூட்டத்துக்குப் பிறகு அன்று வெயில் அடித்தது. சந்து முடிந்து நிழலை விட்டு வெளியே வந்தபோது, கூசிய கண்ணைத் தாழ்த்தியவள் தன் காலைப் பார்த்தாள்.

பேன்ட் சிவப்பாக இருந்தது.

காப்பிக் கொட்டை இல்லை. அரக்குச் சிவப்பு. கல்யாணச் சேலையில் வரும் சிவப்பு. பச்சைக்குக் கீழே அது இன்னும் கூவியது. குனிந்து துணியைப் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள். திருப்பத் திருப்பச் சிவப்பு. துணிக்கடையில் மின்வெளிச்சம், வீட்டில் மின்வெளிச்சம். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். நான்கு மாதமாக வாசல்தான் இல்லை.

வீடு நாற்பது படி மேலே. திரும்பிப் போகலாம். போனால் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? மூன்று பேன்ட்டும் ஒரே துணியில் வெட்டியவை. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும் என்று போட்ட கட்டத்தில் ஒரு தப்பு பன்னிரண்டு நாளுக்கும் பரவியிருந்தது. மிச்சம், இத்தாவில் கட்டிய சேலைகள். அவற்றைக் கட்டினால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவள் செய்ததைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. ஒதுங்கியவள் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கினாள். ஒதுங்கிய கால் அப்படியே கீழ்நோக்கி நடந்தது.

கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. பைசல் உள்ளே சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். வெளியே நின்ற ஹசீனா முதலில் பார்த்தாள். பார்வை அவள் முகத்திலிருந்து காலுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

“வாங்க அண்ணி... என்னங்க இது, செவப்பு?”

“காப்பி கலர்னு நெனச்சு தெச்சேன். பல்பு வெளிச்சத்துல அப்படித்தான் இருந்துச்சு.”

“மார்க்கத்துல தடையில்லதான். ஆனா ஊருல நாலு பேரு... நேத்துதானே இத்தா முடிஞ்சுது.”

பைசல் வெளியே வந்தான். அவனும் பார்த்தான், உடனே வேறு பக்கம் பார்த்தான். “ஊட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வாங்க அண்ணி” என்றான் மெதுவாக. “நாங்க இங்கயே இருக்கோம். ஒண்ணும் அவசரமில்லீங்க.”

அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“மாத்த வேற இல்ல தம்பி. மூணும் இதே துணிதான்.”

“பழைய சேலை ஒண்ணு கட்டிக்கிட்டு...”

“சேலையோட மிஷின்கிட்ட எப்படி நிக்கறது?”

பைசல் அப்போதுதான் அவளை முழுதாகப் பார்த்தான். இறுகிய கைகள், நுனியில்லாத முக்காடு, இடுப்பில் தைத்த சிறிய பை.

“இதெல்லாம் எப்பங்க தெச்சீங்க?”

“நீங்க அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னதுல இருந்து.”

அவன் ஷட்டரின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “மச்சானுக்கு வாக்குக் குடுத்துட்டனே அண்ணி.”

“அவனா?” என்றாள் ஹசீனா. “ரெண்டு நாளு வந்ததுக்கே மலையில குளுருதுன்னு மூணு சொட்டரு கேட்டான். நீங்க வாக்குக் குடுத்தீங்க, அவன் வாங்குனானான்னு கேளுங்க.” பிறகு ஆசியாவிடம் திரும்பி, “கையி நல்லா அமைஞ்சிருக்குதுங்க அண்ணி. அந்தக் காலை மட்டும் கல்லாவுக்குப் பின்னால வெச்சுக்குங்க.”

பைசல் சாவியை எடுத்தான். உடனே கொடுக்கவில்லை, வளையத்தில் விரலை விட்டு ஒருமுறை சுழற்றினான். “ஒரு மாசம் பாப்போம்” என்றான். அவள் வாங்கி இடுப்புப் பையில் போட்டாள். பை ஆழம் போதவில்லை. சாவியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் பதினொரு மணி பஸ்ஸுக்குப் போனார்கள். ஆசியா ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்டூல் அமீர் ஜானின் உயரத்துக்கானது. அவள் கால் தரையைத் தொடவில்லை.

முதலில் வந்தவர் நாமக்கல்காரர், குடும்பத்தோடு. வருடத்துக்கு ஒருமுறை வருபவர் என்பது அவர் நுழைந்த விதத்திலேயே தெரிந்தது.

“பாய் எங்கீங்க? தொழுகைக்குப் போயிருக்காரா?”

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை நாளும் அவளைத் தேடி வந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, தெரிந்துதான் வந்தார்கள். இதுவரை அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஜூன் மாசம் மவுத்தாயிட்டாருங்க.”

“அடடா... நீங்க?”

“அவரு ஊட்டுக்காரி.”

அவர் கைகள் தாமாகக் கும்பிட்டன. மனைவி அவளைப் பார்த்தாள், கல்லாவின் ஓரத்தில் தெரிந்த சிவப்பைப் பார்த்தாள். “எப்பவும் குடுக்கறதுதாங்க, ஒரு கிலோ” என்றார் அவர், தாழ்ந்த குரலில். எப்பவும் கொடுப்பது எது என்று ஆசியாவுக்குத் தெரியவில்லை. சிக்கரி எவ்வளவு என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. “பாய்தான் பாத்துப் போடுவாரு.” அவளே ஒரு அளவைத் தீர்மானித்து, மிஷினைப் போட்டாள். அரைக்கும் சத்தத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தது எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர், மரியதாஸ் என்று பெயர் சொன்னார். மூன்று மாதம் ஊரில் இல்லையாம். “பாய் இல்லீங்களா?” மூன்றாவது ஒரு கிழவர், மிளகு வாங்க. அவரும் கேட்டார். மூன்று முறையும் அதே மூன்று சொல். மூன்றாவது முறை அது சற்று வேகமாக வந்தது. அப்படி வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் ஏரிப் பக்கமிருந்து வந்த ஒரு வேன் எதிரே நின்றது. வயதான ஒருவர் இறங்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கடையின் இருட்டுக்குள் யாரையோ தேடியபடி ரோட்டைக் கடந்தார். தேடும்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

இவரிடம் அது வேகமாக வரக் கூடாது. ஆசியா ஸ்டூலிலிருந்து இறங்கி, கல்லாவைச் சுற்றி வெயில் விழும் வாசலுக்கு வந்து நின்றாள்.