ஒரே பாத்திரம்

சர்ச்சில் திருவிருந்து முடிந்ததும் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கப்புகள் கூடையில் விழும் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

எண்பதுகளில் நெய்வேலியில் அப்பா போதகராக, சபையார் வாயில் 'ஐயராக', இருந்தபோது எல்லோரும் வாய் வைத்துக் குடிக்க ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். ஒரு ஞாயிறு, வடக்குத்துச் சேரியிலிருந்து வந்த கான்ட்ராக்ட் கூலி அஞ்சலையக்கா கடைசி வரிசையிலேயே நின்றார்.

"அவங்கல்லாம் குடிச்சிட்டுப் போவட்டுங்க ஐயரே. நான் கடைசியா வரேன்."

"இப்பவே வாம்மா," என்று அப்பா அவருக்கே முதலில் கொடுத்தார்.

அவர் வாய் வைத்த பாத்திரத்துக்குக் சுரங்கக் குவார்ட்டர்ஸ் குடும்பங்களில் ஒருவரும் எழுந்து வரவில்லை. அம்மாவும் என் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

ஆசீர்வதித்த திராட்சை ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது. எல்லோருக்குமாக ஊற்றியதை அப்பா தனியே நின்று, மூச்சு வாங்க வாங்கக் குடித்து முடித்தார்.

இப்போது ஆளுக்கொரு கப். எல்லோரும் தயங்காமல் எழுந்து போகிறோம்.