முப்பத்தெட்டு நிமிடம்

ஜனவரி 31. வங்கியில் கடைசிச் சம்பளம். 28,400
பிப்ரவரி 14. வேலை முடிப்புத் தொகை. 3,10,000
மே 5. ஆய்வு நிலையம், பயிற்சிப் படி. 1,500
ஜூன் 30. முதல் சுற்று, இருபது ஷிப்ட். 16,000
செப்டம்பர் 15. இரண்டாம் சுற்று, இருபது ஷிப்ட். 16,000
அக்டோபர் 1. திருப்பிக் கட்டியது. 16,000

கைக்கு வந்த சம்பளத்தைத் திருப்பிக் கட்டுகிற ஆளை அவளுடைய கணவர் அதுவரை பார்த்ததில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படியெல்லாம் தவிப்பார்கள் என்பது அவருக்கு அத்துபடி. சொந்த வீட்டுக்குள் ஒருத்தி அப்படித் தவித்ததைத்தான் அவரால் கொஞ்ச நாள் புரிந்துகொள்ள முடியவில்லை.

அவள் இருபத்திரண்டு வருடம் வங்கியில் காசாளராக இருந்தவள். ஆட்கள் போனிலேயே பணம் அனுப்பப் பழகியதும் ஐந்து கவுன்ட்டர் மூன்றானது, மூன்று ஒன்றானது, பிறகு கிளையையே மூடிவிட்டார்கள். வேலை போனதைவிடக் கை சும்மா இருந்ததுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அலமாரியைக் கலைத்துக் கலைத்து அடுக்கினாள். அதுவும் அலுத்துப்போய்க் கணவரின் ஸ்பானர்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினாள். அவர் ஒரு வாரம் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினார்.

“நீ எங்கயாவது வேலைக்குப் போயேன்மா. இல்லாட்டி என்னையும் அளவெடுத்து அடுக்கிடுவ போலிருக்கு.”

அப்படித்தான் ஆய்வு நிலையத்துக்குப் போனாள். வக்கீல் அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று கணினி நுழைந்த இடங்களில் வேலை செய்பவர்களின் நாள் எப்படி மாறுகிறது என்று அளந்து சொல்வது அந்த நிலையத்தின் தொழில். ஒரு மருத்துவமனை அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. நாங்கள் வாங்கப்போகும் வார்டு மென்பொருள் நர்ஸ்களின் நேரத்தை நிஜமாகவே மிச்சப்படுத்துமா? அதற்காக மென்பொருள் வருவதற்கு முன் ஒரு சுற்று, வந்த பின் ஒரு சுற்று அளக்க வேண்டும். அளப்பவர் ஒரு நர்ஸின் பின்னால் ஷிப்ட் முழுக்க நின்று, அவர் நோயாளியிடம் இருக்கிறாரா, எழுதுகிறாரா, நடக்கிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கையிலிருக்கும் திரையில் தட்ட வேண்டும்.

பயிற்சி கொடுத்த ஆய்வுத் தலைவி பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர்.

“மூணே விஷயம். தொடாதீங்க. பதில் சொல்லாதீங்க. உதவி பண்ணாதீங்க. நீங்க அங்க ஒரு நாற்காலி மாதிரி.”

“நாற்காலின்னா உட்காரவாவது உதவுமே மேடம்?”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவியும் சிரித்துவிட்டு, “உட்காரவும் விடாதீங்க” என்றார்.

வார்டில் பதினெட்டுப் படுக்கை. காலை ஷிப்டுக்கு இரண்டு நர்ஸ்கள். பெரிய சிஸ்டருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முழங்கால் வலி அதற்குள்ளேயே வந்துவிட்டது. சின்ன சிஸ்டர் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள், வார்டு முழுக்கக் கேட்கும்படிச் சிரிப்பவள். அளக்க வந்தவள் தங்கள் பின்னாலேயே திரிந்ததால் இருவரும் சேர்ந்து அவளுக்கு ‘நிழலக்கா’ என்று பேர் வைத்தார்கள். ஜூன் மாதச் சுற்றில் அவள் தலைவி சொன்னபடியே இருந்தாள். புது ஆள், பயம். யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்க்காமல் திரையைத் தட்டினாள்.

ஆகஸ்டில் மென்பொருள் வந்தது. நர்ஸ்கள் நோயாளி விவரங்களைப் படுக்கை ஓரத்திலேயே நின்று பதிந்துகொண்டார்கள். இரண்டாம் சுற்று தொடங்கியபோது அவள் அங்கே யாருக்கும் அந்நியமில்லை. ஏழாம் படுக்கையில் சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டர் ஒருவர் இரண்டு கையிலும் கட்டுடன் கிடந்தார். சின்ன சிஸ்டர் எட்டாம் படுக்கையில் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி” என்றார் பெயிண்டர், நிழலக்காவைப் பார்த்து.

அவள் தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு இரண்டடி நகர்ந்து, தம்ளரை எடுத்து உறிஞ்சு குழாயை அவர் வாயில் வைத்தாள். அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கைக்கு ருசி கண்டுவிட்டது. அதன்பின் நழுவிய போர்வையை இழுத்துவிட்டாள். தலைமாட்டை உயர்த்திக் கொடுத்தாள். விழுந்த கண்ணாடியை எடுத்துத் தந்தாள், கழிப்பறைக் கதவு வரை ஆளைத் தாங்கிப் போனாள். ஒரு கையால் திரையைத் தட்டியபடி மறுகையால் இத்தனையும் செய்தாள். நர்ஸ்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

செப்டம்பர் 22 அன்று மருத்துவமனைக் கூட்ட அறையில் முடிவை வாசித்தார்கள். மென்பொருள் வந்த பின் ஒரு நர்ஸுக்கு ஒரு ஷிப்டில் முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம். கைதட்டினார்கள். நிர்வாக அதிகாரி அங்கேயே பெருக்கிப் பார்த்துவிட்டார். ஒரு வார்டுக்கு இரண்டு நர்ஸ், ஆறு வார்டு, ஏழரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதாவது ஒரு நர்ஸின் முழு ஷிப்ட். “அப்போ காலையில ஒரு ஆளைக் குறைச்சுக்கலாம்” என்றார். யாரைக் குறைப்பார்கள் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் சின்ன சிஸ்டர்தான்.

வெளியே வந்ததும் தலைவி நிழலக்காவின் தோளைத் தட்டினார். “மேற்பார்வையாளர் வேலைக்கு உங்க பேரத்தான் எழுதியிருக்கேன். நிரந்தரம்.”

நடைபாதைத் திருப்பத்தில் சின்ன சிஸ்டர் நின்றிருந்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“முப்பத்தெட்டு நிமிஷமாமேக்கா. இருக்கும். முன்னெல்லாம் கூப்பிடு மணி காது கிழியும். இப்ப அடிக்கிறதே இல்ல. மெஷின் என்னமோ பண்ணுது.”

மென்பொருளுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம்? நிழலக்கா நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். மணி அடிக்காததற்குக் காரணம், அடிக்க வேண்டிய நோயாளிகள் கேட்டதை அவளே கொடுத்துவிட்டதுதான். ஜூனில் அவள் கை கட்டி நின்றாள், ஆகஸ்டில் கட்டவில்லை. தன் கை செய்ததை மென்பொருளின் கணக்கில் வரவு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு என்று மறந்தாள். அடுப்பில் வைத்த பால் இரண்டு நாள் அடுத்தடுத்துப் பொங்கி வழிந்தது. மூன்றாம் நாள் கணவர் தானே அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, எல்லாவற்றையும் கொட்டினாள்.

“சொன்னா உன் வேலை போகும். சொல்லலன்னா அந்தப் பொண்ணு வேலை போகும். அவ்ளோதானே?”

“அவ்ளோதாங்க.”

“லிஃப்ட்ல பாரம் ஜாஸ்தியானா யாராவது ஒருத்தர் இறங்கணும். எல்லாரும் கடைசியா ஏறினவனத்தான் முறைப்பாங்க.”

“அவதான் கடைசியா ஏறினவ.”

“முறைக்கிறது வேற. கதவை அடைச்சிட்டு நிக்கிறவன் இறங்காம வேற யாரும் இறங்க முடியாது, தெரியுமா?”

“இத வேற எப்படியாவது சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட்தானே.”

செப்டம்பர் 29 காலை, தலைவியின் அறைக்குள் போனவள் உட்காரவில்லை.

“மேடம், அந்த முப்பத்தெட்டுல மென்பொருள் மட்டும் இல்ல. என் கையும் இருக்கு.”

“புரியல.”

மென்று விழுங்காமல் சொன்னாள். தண்ணீர், போர்வை, கண்ணாடி, கழிப்பறை, அதனால் அடிக்காமல் போன மணி.

“எத்தனை நிமிஷம் இருக்கும்?”

“அதான் தெரியல மேடம். நான் செஞ்சத யாரு தட்டினாங்க?”

தலைவி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். “ஜூன்ல?”

“ஒண்ணுமே தொடல.”

“அப்ப ரெண்டு சுத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவே முடியாது.” அவருக்கு அது புரிய ஒரு நொடிதான் ஆனது. “மணி ஏன் குறைஞ்சதுன்னு நானும் கேட்டிருக்கணும். கைதட்டுற அவசரத்துல விட்டுட்டேன். உங்களத் திட்டணுமா கும்பிடணுமான்னு தெரியல.”

“திட்டிடுங்க மேடம். எனக்கு ஆறும்.”

தலைவி திட்டவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. இரண்டாம் சுற்றுச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார். அவள் கேட்காமல் கட்டிவிட்டு வந்தாள்.

அக்டோபரில் வேறொருவர் வார்டில் நின்று இருபது ஷிப்ட் அளந்தார். அவளுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. நிலையத்திலிருந்து முதலில் வந்த கடிதம் வேலையை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. இரண்டாவது, நடந்ததை எழுத்தில் கேட்டது; நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். பிறகு சத்தமே இல்லை. கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி மருத்துவமனைத் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவாள். ஒருநாள் எதிரே பெரிய சிஸ்டர் நொண்டிக்கொண்டு வந்தார்.

“எங்கடி போயிட்ட? மணி அடிச்சு அடிச்சு என் முட்டி தேஞ்சுபோச்சு.”

“சின்ன சிஸ்டர்?”

“மாசக் கடைசி வரைக்கும்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் யாருக்குத் தெரியும்.”

மாதக் கடைசி போனது. நவம்பரும் பாதி போனது. கதவில் சத்தம் கேட்டதெல்லாம் தபால் என்று நினைத்து ஓடினாள். பால்காரர் இரண்டு முறை பயந்தே போனார்.

கடைசியில் வந்த உறையை வாசலிலேயே நின்று கிழித்தாள். மறு அளவீட்டில் மிச்சமான நேரம் பதினொரு நிமிடம். அதை வைத்து ஆளைக் குறைப்பதற்கில்லை என்று மருத்துவமனை முடிவு செய்திருந்தது. களப் பணிக்கோ மேற்பார்வையாளர் பணிக்கோ அவள் பெயர் இனிப் பரிசீலிக்கப்படாது என்றும், அவளுடைய முதல் சுற்று அளவீடுகள் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டன என்றும் எழுதியிருந்தது.

“என்ன போட்டிருக்கு?” உள்ளிருந்து கணவர் கேட்டார்.

“பதினொண்ணு.”

“அந்தப் பொண்ணு?”

“இருக்கா.”

“நீ?”

“நான் இல்லங்க.”

படித்து முடித்த பின்னும் உள்ளே போக அவளுக்குத் தோன்றவில்லை. வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். அந்தக் கடிதம் வந்தது நவம்பர் 21, வெள்ளிக்கிழமை.