சகலை நின்றுகொண்டு கொடுத்த விருந்து

மேசையின் தலைப்பக்கத்து நாற்காலி மட்டும் கடைசி வரை காலியாகவே இருந்தது. அதன் முன்னால் விசிறிபோல் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணி கலையவே இல்லை. ஒவ்வொரு பதார்த்தமும் அந்த இடத்துக்கும் வந்தது, ஆறியது, அப்படியே திரும்பிப் போனது. அந்தத் தட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் என் சகலை. என் மனைவியின் அக்காளைக் கட்டியவர். குருவிநத்தத்தில் நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கிறவர்.

புதுச்சேரி கடற்கரைப் பக்கம், பழைய பிரெஞ்சுக்காரர் மாளிகை ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்த இடம் அது. மாசிமகத்துக்குப் பிந்திய இரண்டாவது ஞாயிறு, மதியம். பங்குனி உத்திரத்தை ஒட்டி நடந்தது என்பாள் என் மனைவி. இல்லை, சகலைக்குக் கரும்புப் பணம் வந்த வாரம் அது. இந்த மாதிரி விஷயங்களில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது வாதாடத்தான் தெம்பில்லை.

அவருடைய ஒரே மகளின் கல்யாணம் ஊரடங்கு வைகாசியில் நடந்தது. தாலி கட்டும்போது நின்றவர்கள் எல்லாரும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். பந்தி கிடையாது, பொட்டலச் சாப்பாடுதான். அதற்கு முந்தைய ஆண்டே சகலையின் மனைவி தவறிவிட்டார். பிறகு சம்மந்தி வீட்டாரை அழைத்து விருந்து வைக்க நினைத்தாலும், வாசலில் நின்று வாங்க என்று சொல்ல ஒரு பெண் இல்லையே என்று தயங்கித் தயங்கியே நாள் போயிற்று. டவுனில் இருந்த சம்மந்தியம்மா அதைப் பிடித்துக்கொண்டார். வளைகாப்போ, காதுகுத்தோ, நாலு பேர் கூடிய இடத்தில் சிரித்துக்கொண்டே, “எங்க சம்மந்தி சோறு இன்னும் ஒரு வாய் கெடைக்கலப்பா” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பவள் இவர் மகள். அந்தப் பேச்சை நிறுத்தவேண்டும் என்பதைத் தவிர சகலைக்கு வேறு நோக்கம் கிடையாது. ஊரிலேயே உசத்தியான இடம் எது என்று மாப்பிள்ளையிடம் கேட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டார். அந்தப் பணத்துக்குப் பாகூரில் ஒரு மண்டபத்தையே சாப்பிட வைத்திருக்கலாம்.

விருந்து வைக்கிறவர் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வந்தவர்கள் கை கழுவும் வரை இலைக்கு இலை நடந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். விருந்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் விருந்து வைக்கிறவர் எங்கே இருக்க வேண்டும் என்று எதிலும் படித்த நினைவில்லை. பரிமாறியவர் மெதுவாக அருகில் வந்து, சார் உட்கார்ந்தால்தான் எங்களுக்கு வசதி என்றார்.

“நா உக்காந்துட்டா இவுங்கள யாரு பாக்கறது? நீ கொண்டாப்பா.”

அகலமான தட்டு. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மீன், அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு. இன்னொன்று வைக்கச் சொல்லட்டுமா என்று சகலை ஒவ்வொருவர் தோளுக்கும் மேலே குனிந்து கேட்டுக்கொண்டே போனார். மறுசோறு வைக்கிற இடமல்ல அது. கேட்டால் தனிக் கணக்கு. சம்மந்தி தட்டை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மீனு கண்ணுல பட்டுச்சு சம்மந்தி, நாக்குலதான் படல” என்றார். அடுத்த மேசைக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, உக்காருப்பா. எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மகள்.

“பாக்கட்டும்டி.”

அவள் அதற்கப்புறம் தலை நிமிரவில்லை. சம்மந்தியம்மா எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கிருமாம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தி சகலை இரண்டு வடை தின்று டீ குடித்தார். காலையிலிருந்து அதுதான் அவருக்குச் சாப்பாடு. அவர்களுக்கு வயிறு நிறைந்திருக்குமா என்று கேட்டார். நிறைந்திருக்கும் என்றேன்.

“இன்னா சகல சொல்ற? பாத்துகினு நின்ன எனக்கே பசி அதிகமாயிடுச்சி.”

அந்தப் பங்குனி முடிவதற்குள் அவர்கள் உறவில் ஒரு மஞ்சள் நீராட்டு. சம்மந்தியம்மா வழக்கம்போல் சிரித்தார். “சம்மந்தி ஓட்டல் சோறு போட்டுட்டாரு. வூட்டு சோறுதான் எப்பன்னு தெரியல.”

அன்றைக்கு மகள் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டாள். “எங்கப்பா அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடல அத்த. உங்க மூஞ்சியையே பாத்துகினு நின்னாரு.”

யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இன்று வரை அந்தப் பேச்சு எழவில்லை. சித்திரையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளே இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “அப்பாகிட்ட சொல்லிடாத சித்தப்பா” என்றாள்.

சகலைக்கு இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாதம் ஒருமுறை பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு காசைக் கொட்டினோமே, ஏதாவது பிரயோஜனம் இருந்ததா என்பார். மகளிடம் கேட்க அவருக்கு பயம். அந்தப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வரும். எப்படி நின்றது என்று அடுத்துக் கேட்பார். அதைச் சொன்னால், விருந்துக்குப் பிறகும் அந்த அம்மாள் ஒருமுறை அதைச் சொல்லிச் சிரித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

“அந்தக் காசுக்கு ஒரு கறவ மாடு வாங்கியிருக்கலாம் சகல” என்று முடிப்பார்.

வாங்கியிருக்கலாம்தான் என்பேன்.