திரை கறுத்த மதியம் மேரி அக்கா போட்ட சீட்டுகள்

இல்லை குமார் அண்ணே, அந்த அக்கா தண்ணீர் ஊற்றவில்லை. அன்றைக்குக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்.

நேற்று காலை மேரி அக்காவின் நம்பரில் இருந்து குரூப்பில் செய்தி வந்தபோது நான் பெரம்பலூரில் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் நம்பர் என்பதால் வழக்கமான காலை வணக்கப் படமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மதியம்தான் திறந்து பார்த்தேன். "அம்மா இறந்துட்டாங்க. நெஞ்சு வலி. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வரதராஜன்பேட்டைல அடக்கம். ஸ்டெல்லா." அக்காவின் மகள் அக்காவின் போனில் இருந்தே அனுப்பியிருந்தாள். கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். நடுவில் உங்கள் கேள்வி: "எந்த மேரி? எடை மேடைல கம்ப்யூட்டர் மேல தண்ணி ஊத்துச்சே, அந்த அக்காவா?" நாலு பேர் ஆமாம் என்று கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை அண்ணே. உங்களுக்கு அப்படித்தான் தெரியும். அப்படித் தெரிய வைத்தவன் நான். நேற்றில் இருந்து பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். அரியலூர் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. எழுதி முடித்துவிடுகிறேன்.

புதிதாக வந்த டிரைவர்களும் இந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சகாயமேரி என்கிற மேரி அக்கா, அரியலூரில் இருந்து ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் உள்ள எடை மேடையில் பதினோரு வருஷம் சீட்டு போட்டவர். சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறி நிற்கும். அக்கா எடையைப் பிடித்து, சீட்டு அடித்து, சன்னல் வழியாக நீட்டுவார். நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். கேமராவையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ள என்று ஓனர் என்னை அங்கே சேர்த்துக்கொண்டார்.

அக்காவின் வாய் உங்களில் பலருக்குத் தெரியும். சேர்ந்த முதல் நாள் நான் கேட்ட பேச்சு இது. ஒரு டிரைவர் கேபினில் இருந்தே கத்தினார்.

"அக்கா, சீக்கிரம் போடுக்கா. சோறு ஆறுது."

"உன் சோறு ஆறுனா வண்டி எடை மாறுமா? முன் சக்கரம் மேடைக்கு வெளிய நிக்குது. ஏத்தி நிறுத்து."

"அங்க இருந்து எப்படிக்கா தெரியுது? கண்ணாடி கூட போடல."

"உன் மூஞ்சிய பாத்தாலே தெரியுதே, எதுலயும் அரைகுறையா நிக்கிறவன்னு."

பின்னால் நின்ற மூன்று லாரியும் ஹாரன் அடித்துச் சிரித்தன. அந்த டிரைவர் வண்டியை ஒழுங்காக ஏற்றி நிறுத்தினார். அரைகுறை என்பது என்னைச் சொன்னது போல இருந்ததால் நான் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு வண்டி நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேன். சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வேறு அடித்துக் கொடுத்தேன். அக்கா கூடையைக் கவிழ்த்து, துண்டுகளைப் பொறுக்கி, டேப் போட்டு ஒட்டினார். பிறகு அதை என் முன்னால் வைத்தார்.

"கிழிச்சா தப்பு போயிருமா? வரிசையில ஒரு சீட்டு நம்பர் குறையுமே, அதுக்கு யாரு பதில் சொல்றது? தப்புன்னு எழுது. என்ன தப்புன்னு எழுது. கீழ உன் பேரைப் போடு. பைல்ல குத்து. அவ்வளவுதான். அதுக்காக யாரும் உன்னைத் தூக்குல போட மாட்டாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவா என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்தேன். பேரைப் படிக்க முடியாதபடி கிறுக்கினேன்.

இனி அந்த மதியம்.

எனக்கு வீடியோ எடிட்டிங் பைத்தியம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. திருச்சியில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி வைத்திருந்தேன். ஒரு மணிக்கு மேல் லாரி வரத்து குறையும். அக்கா சாப்பிடப் பின்பக்கம் போனதும் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கார்டைச் சொருகி, மானிட்டர் வயரை அதில் மாற்றி மாட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த மிஷினில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஆன் செய்தால் எடை போடுகிற புரோகிராம் தானாகவே எழுந்து மூன்று பீப் அடிக்கும். எழுத்து மட்டும்தான், மவுஸுக்கு வேலையே இல்லை. கார்டு வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்கான கிராபிக்ஸ் டிரைவரைப் போட வேண்டும். டிரைவர் என்றால் நம் ஆட்கள் இல்லை. கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற புரோகிராம். நெட்டில் யாரோ போட்டிருந்த நாலு வரியை அப்படியே அடித்தேன். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் சரி என்று கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். கம்பெனிப் படம் வந்தது. அப்புறம் திரை கறுத்துப் போனது. ஓரத்தில் ஒரு கோடு கூட மினுங்கவில்லை. உள்ளே ஃபேன் மட்டும் ஓடியது.

ஆஃப் செய்து ஆன் செய்தேன். கறுப்பு. மறுபடியும் செய்தேன். கறுப்பு. வெளியே ஒரு லாரி மேடையில் ஏறிவிட்டது. அக்கா கை கழுவிவிட்டு ஈரக் கையோடு உள்ளே வந்தார்.

"என்னாச்சு?"

"தெரிலக்கா. திடீர்னு ஸ்கிரீன் வரல. செத்துப் போச்சு போல."

"ஸ்விட்சுல இருந்து கைய எடு மொதல்ல."

அக்கா குனிந்து கீபோர்டில் நம்லாக் பட்டனைத் தட்டினார். சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார். அணைந்தது.

"பாத்தியா? செத்ததுக்கு விளக்கு எரியுமா? மூணு பீப் அடிச்சதை நான் கை கழுவும்போதே கேட்டேன். புரோகிராம் எந்திரிச்சிருச்சுடா. மூஞ்சிய மட்டும் காட்ட மாட்டேங்குது."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ சன்னல்ல நின்னு வண்டி நம்பரைச் சத்தமா சொல்லு." எடை காட்டுகிற சிவப்பு எண் பெட்டி தனியாகச் சுவரில் இருந்ததால் அது மட்டும் தெரிந்தது. கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தப் பட்டன், எத்தனை என்டர் என்று விரல் ஞாபகத்திலேயே அடித்தார். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் பிரிண்டர் கரகரவென்று இழுத்தது. வண்டி நம்பர், கல், எடை, எல்லாம் சரியாக இருந்தது. அக்கா சீட்டைக் கிழித்து சன்னலில் நீட்டி, "அடுத்தது" என்றார்.

ஆறு மணி வரைக்கும் அப்படியே ஓடியது. அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் மேடை ஏறினீர்களோ, ஒருவருக்கும் உள்ளே திரை இருட்டு என்று தெரியாது. அத்தனை சீட்டில் ஒன்றே ஒன்று தப்பு. நான் கத்திய ஒன்பது அவருக்கு ஆறாக விழுந்துவிட்டது. உடனே அதன் மேல் எழுதினார்: "தவறு. வண்டி எண்ணில் 9க்குப் பதில் 6. சகாயமேரி."

இந்த இடத்தைத்தான் நேற்றில் இருந்து எழுதி அழித்தேன். கார்டைப் பிடுங்கி, மானிட்டர் வயரைப் பழைய இடத்தில் மாட்டியிருந்தால் அப்போதே திரை வந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் பிடுங்கினால் கார்டு வெளியே தெரிந்துவிடும். அதனால் அவ்வளவு நேரமும் அக்கா கண்ணைக் கட்டிவிட்டது போல அடிக்க, நான் சன்னலில் நின்று நல்ல பிள்ளை மாதிரி நம்பர் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு ஓனர் வந்தார். "என்னடா ஸ்கிரீன் இப்படி இருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். மேஜையில் அக்காவின் தண்ணீர் பாட்டில். அடியில் ஒரு ஈர வட்டம். என் வாயில் தானாக வந்தது.

"தண்ணி கிண்ணி உள்ள போயிருக்கும் சார்."

"பதினோரு வருஷமா சொல்றேன், மேஜைல பாட்டில் வைக்காதம்மான்னு. கேட்டாத்தானே!"

அக்கா என்னைப் பார்த்தார். வண்டி மேடையில் முழுசாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் பிரிண்டரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் அந்த ஈர வட்டத்தைத் துடைத்து, பாட்டிலைத் தன் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்னால் போய்க் கார்டைக் கழற்றினேன், வயரை மாற்றினேன், டிரைவரை நீக்கினேன். மொத்தமே இருபது நிமிஷ வேலை. ஓனர் வந்து என் முதுகில் தட்டினார். "படிக்கலன்னாலும் மூளை இருக்குடா உனக்கு" என்றார். அன்றே அக்காவை வாசல் கேட்டுக்கு அனுப்பினார். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வருகிற வண்டிக்கு டோக்கன் எழுதுகிற வேலை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒரே மாசத்தில் அவர் பேர் "தண்ணி ஊத்துன அக்கா" என்று ஆகிவிட்டது. சாகிற வரைக்கும் அவர் அந்தக் கொட்டகையில்தான் இருந்தார்.

ஸ்டெல்லா, இது உனக்கு. அம்மா போன் இப்போது உன்னிடம் இருக்கிறது, இதை நீ படிப்பாய். ஒரு சனிக்கிழமை நீ அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தாய். டோக்கன் கட்டு கொடுக்க நானும் கொட்டகைக்கு வந்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "எங்கம்மாவ வூட்டுல என் லேப்டாப் பக்கமே விட மாட்டேண்ணா. அதுலயும் ஊத்திரும்." அம்மா உன் கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு, "ஆமாமா, நான் பெரிய மழை பாரு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரை ஓட்டியவர் உன் அம்மா.

நீ போன பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் தூக்கைத் திறந்துகொண்டே கேட்டார்.

"அந்தக் கார்டை வெளிய எடுத்துட்டல்ல?"

"உங்களுக்கு எப்படி...?"

"மானிட்டர் ஒயரு இடம் மாறியிருந்துச்சே. தெனம் அந்தப் பொட்டியத் தொடைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன்க்கா ஓனர்ட்ட சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். மறுநாளும் பாத்தேன். அப்பறம் கேட்டுல வேலை வந்துருச்சு." ஒரு வாய் சோறு தின்றார். "போ, மேடைல வண்டி நிக்குது."

திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். போய் வண்டிக்குச் சீட்டு போட்டேன். அப்போதும் ஓனரிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டேன். போர் அடித்தது, அதான் விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கை விட்டதற்கும் அதையேதான் சொன்னேன். அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடினேன் என்பதுதான் நிஜம்.

இப்போது பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சரி செய்கிற கடையில் இருக்கிறேன். மாசத்துக்கு ரெண்டு பேராவது லினக்ஸில் டிரைவரைப் போட்டுத் திரையைக் கறுப்பாக்கிக்கொண்டு வருவார்கள். "செத்துப் போச்சுண்ணே" என்பார்கள். நான் முதலில் நம்லாக்கைத் தட்டுவேன். விளக்கு எரிந்தால், "சாகல, முழிச்சுதான் இருக்கு" என்பேன். அப்புறம்தான் மற்ற வைத்தியம். எங்கே கற்றாய் என்று கடைக்காரர் கேட்டபோது நெட்டில் என்று சொன்னேன். அதுவும் பொய்.

ஒரு திருட்டும் உண்டு. வேலையை விட்ட அன்று, 9க்குப் பதில் 6 விழுந்த அந்தச் சீட்டை பைலில் இருந்து உருவி எடுத்துக்கொண்டேன். இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. இத்தனை நாளும் அதை அக்காவின் ஞாபகம் என்று வைத்திருந்தேன். வரிசையில் ஒரு நம்பர் குறைகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது? இன்றைக்கு அதை ஓனர் கையில் கொடுத்து, இருந்த இடத்தில் குத்தச் சொல்லப் போகிறேன். ஓனரும் அடக்கத்துக்கு வருகிறாராம். அவர் முன்னாலும், ஸ்டெல்லாவின் அப்பா முன்னாலும், மண் தள்ளுவதற்கு முன்னால், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்த பஸ்ஸைப் பிடித்தால் நாலு மணிக்குள் போய்விடலாம். ஆனால் என் கால்களைப் பற்றி எனக்குத் தெரியும். பஸ் மாற ஜெயங்கொண்டத்தில் இறங்கி அப்படியே திரும்பப் பார்க்கும். அதனால்தான் இதை முன்னாடியே அனுப்புகிறேன். அனுப்பிவிட்டால் திரும்ப இடம் கிடையாது. எனக்கென்று வைத்துக்கொள்ள அந்த நம்லாக் விளக்கு போதும்.

குமார் அண்ணே, உங்கள் கேள்வியை அழிக்காதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே இது.

தவறு. மிஷினைக் கெடுத்ததும், பொய் சொன்னதும், சகாயமேரி அல்ல. பிரவீன்.

பேரைப் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். கண்டக்டர் விசில் ஊதுகிறார், போகணும்.