ஜெயசீலன் குடும்பத்தார்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்க்கும் சம்பூர்ணத்துக்கு ஞானஸ்நானப் பெயர் மேரி. சாதிச் சான்றிதழில் அவள் இந்து ஆதிதிராவிடர். அந்தக் காலனியில் பாதி வீடுகளில் இப்படித்தான். எந்த மதத்துக்கும் போகலாம், யாரும் தடுக்கவில்லை. கிறிஸ்தவர் என்று சொல்லிவிட்டால் மட்டும் அந்தச் சான்றிதழும் அதற்கான இடஒதுக்கீடும் போய்விடும். மாதாவைக் கும்பிட்டதும் ஊரார் இவர்களை எங்கே சரிசமமாக உட்காரவைத்தார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே வெளிச்சம்.

அக்டோபரில் மகள் நந்தினி அந்த ஒதுக்கீட்டில் அரசு நர்ஸ் வேலைக்குத் தேர்வானதாகத் தகவல் வந்தது. ஆர்டர் வருவதற்குள், இவர்கள் கிறிஸ்தவர்கள் என்று தாலுகா ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போய்விட்டது. விசாரிக்க வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வருகிறார் என்று தெரிந்தது. சம்பூர்ணம் மாதா படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாள். பக்கத்து வீட்டு அமிர்தவள்ளியிடம் முருகன் படம் இரவல் வாங்கி அதே ஆணியில் மாட்டினாள். அது சின்னப் படம். சுற்றிலும் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது.

ஆர்.ஐ. அதைப் பார்த்தாரோ என்னவோ, எழுதிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போதுதான் கேட்டார்.

"வீட்டுக்காரரை எங்கம்மா அடக்கம் பண்ணீங்க?"

"காலனி சுடுகாட்லதான் சார். பாலாத்தங்கரையில."

"சரி, விசாரிச்சிட்டு ரிப்போர்ட் அனுப்பறேன்."

அவள் சொன்னது பொய். ஜெயசீலன் இருப்பது மாதா கோயில் கல்லறையில். சிலுவையில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பத்தாம் நாள் கல்லறைத் திருநாள். எல்லாரும் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து பெயரைப் படிப்பார். குடும்பத்தார் முன்னால் வர வேண்டும்.

"போவாதம்மா. எவனாவது போன்ல புடிச்சி அனுப்பிடுவான்," என்றாள் நந்தினி.

"உங்கப்பா தனியா இருப்பாரேடி."

போனாள். எங்கே பார்த்தாலும் போன். மொட்டைக் கடிதம் எழுதியவனும் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பான். வெளியாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பயத்தில் அவள் ஜெயசீலனை விட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தாள். யாரும் வராத யாரோ ஒருவருடையது. மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றினாள்.

ஊருக்குப் புதிதாக வந்த சாமியார் சிலுவையைப் படித்தார். "ஜெயசீலன். குடும்பத்தார் யாரு?"

சுற்றி நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். அவர்கள் வீட்டு டிரம்மிலும் படம் இருக்கிறது. அவரவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி நின்றார்கள்.

சாமியார் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

சம்பூர்ணம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியாது சாமி," என்றாள். "அவருக்கு யாரும் வர்றதில்ல."