அவர் பையில் இருந்த பால்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா வீட்டில் சொல்வார்கள். பார்க்கிற வேலையோ உட்காருகிற வேலை. அடையாறில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். போன் வந்தால்கூட எழுந்து நின்றுதான் பேசுவேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கெல்லாம் நான் நடப்பதைப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றிப்போகும்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச் சேலைப் பிரிவில், இருபத்தாறு வருடமாக நிற்கிறார். ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து உட்கார்ந்து, நூறு சேலையைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனாலும் நூறையும் மடித்து வைத்துவிட்டு அடுத்த ஆளிடம், "வாங்கம்மா, என்ன கலர் பாக்குறீங்க?" என்று முதல் ஆளிடம் கேட்ட அதே குரலில் கேட்பார். அவர் சட்டைப் பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் நான் ஒரு ஈடு இட்லியே எடுத்துவிடுவேன். தெருவில் நான் பத்தடி முன்னால் போவேன், அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பை எப்போதும் அவரிடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக் கூட்டத்தில், சேலை விரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மெத்தையில் சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். உட்காருங்கம்மா, உட்காருங்கம்மா என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொன்னார்கள். எங்கே உட்கார்வது? அந்த வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான்கு மணி நேரம் நடந்தேன். ஒரு கோடியில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஒரு மலை, உச்சியில் குருவிக்கூடு அளவுக்கு ஒரு சிவன் கோயில். ஒவ்வொரு தடவை அந்தக் கோடிக்குப் போகும்போதும் அதைப் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ தெரியாது, வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "இவர் எழுந்து நடக்கட்டும். இவரைக் கூட்டிக்கிட்டு உன் மலைக்கு வாரேன். ரெண்டு பேரும் சேந்து உனக்குப் பால் ஊத்துறோம்."

பிழைத்துக்கொண்டார். வேண்டுதலை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லப் போனால் அந்த வராண்டாவைப் பற்றிப் பேச வேண்டிவரும், பேசினால் அழுதுவிடுவேன், அவ்வளவுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டிவாக்கம் கடற்கரையில் நான் சேர்ந்து நடக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து இருபது பேர். அதற்குத் தலைவர் ஒரு வேன் டிரைவர் தம்பி; வயது நாற்பது இருக்கும், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வருடத்துக்கு இரண்டு மலை, காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குவது என்று கணக்கு. போன பங்குனியில் அவர், போளூர் பக்கத்து மலை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் படம் போட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மலை. இவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "தாராளமா ஏறலாம். ஆனா அவசரப்படாம ஏறணும்," என்றார். அதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பு ஐந்து மாடி. அதுதான் பயிற்சிக்கூடம். நான் கீழேயிருந்து மூச்சுவிடாமல் ஐந்து மாடி ஏறுவேன், லிஃப்டில் இறங்குவேன், மறுபடி ஏறுவேன். நேரம் மிச்சம் பாருங்கள்! அரை மணி நேரத்தில் பன்னிரண்டு தடவை ஏறிவிடுவேன். எப்போது பார்த்தாலும் லிஃப்டை மேலே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று முதல் மாடிக்காரர் சண்டைக்கு வந்தார். இவர் நான்கு தடவை ஏறி நான்கு தடவையும் படியிலேயே இறங்குவார். "லிஃப்டுக்கு வயசானவங்க நிப்பாங்க, நமக்கு எதுக்கு," என்பார். நீங்க மலை ஏறுன மாதிரிதான் என்று நான் கிண்டல் செய்தேன்.

விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி ஆறரை மணிக்கு அடிவாரம் சேர்ந்தோம். பச்சைப் பாலை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி, இவர் பையில் வைத்திருந்தேன். அந்த மலையில் குருக்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏறி வருகிறவர்கள் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்யலாம்.

டிரைவர் தம்பி எல்லாரையும் நிற்கவைத்துச் சட்டம் போட்டார். "ஜோடி ஜோடியாத்தான் போவணும். ஒருத்தர் நின்னா இன்னொருத்தரும் நிக்கணும். ஜோடிய வுட்டுட்டு எவனும் மேல போவக் கூடாது. இன்னாக்கா, ஒன்னியத்தான் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். என் ஜோடி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஆயிரம் படி வரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். அவர் நின்ற இடத்தில் நின்றேன், நடந்தால் நடந்தேன். ஆனால் அவர் நிற்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? சர்பத் கடைக்காரரிடம் எந்த ஊர், எத்தனை மணிக்கு ஏறி வந்தீங்க என்று விசாரணை. இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும், "இன்னும் எவ்வளவு தூரம்?" அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அப்படியா? நல்லது." ஒரு வளைவில் ஓர் அம்மாள் இவரைப் பார்த்து நின்றுவிட்டார். "அண்ணே, எம்பொண்ணு முகூர்த்தச் சேலை நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?" இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாம்பழக் கலர், அரக்கு பார்டர்," என்றார். அடுத்த கால் மணி நேரம் அந்தக் கல்யாணத்தின் சாப்பாடு வரைக்கும் பேச்சு போனது. நான் செருப்புக் காலால் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அறுபத்தைந்து வயது கே.கே. நகர் மாமா ஒருவர், "என்னம்மா, இன்னிக்கு வண்டி மெதுவா ஓடுது!" என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படி முடிந்து பாறைப் பாதை. அதுவும் முடிந்து பத்தரை மணிக்குக் கடப்பாறைப் பாறைக்கு வந்தோம். செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டியிருக்கிறார்கள். கையால் பிடித்துக் காலால் மிதித்து ஏற வேண்டும். இறங்குவதற்கு அந்தப் பக்கம் தனியாகப் படி இருக்கிறது. பாறையின் அடியில் வரிசை. நிமிர்ந்து பார்த்தால் மேலே கோயில் தெரிந்தது. அதே குருவிக்கூடு.

இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடுதேன். நீ போ, நான் வாரேன்."

எதிரே வரிசையில் இடைவெளி விழுந்தது. நான் போய்விட்டேன்.

இதற்கு மேல் அதை அலங்கரிக்க ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை சொன்னார், அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி போய்விட்டேன். கடப்பாறை கையில் சுட்டது, காற்று முந்தானையை இழுத்தது, எனக்கு ஒரே சந்தோஷம். அரை மணி நேரத்தில் உச்சியில் நின்றேன்.

கோயில் வாசலில் வரிசை மெதுவாக நகர்ந்தது. என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் குடத்தோடு நின்ற பெண் கேட்டார், "அபிஷேகத்துக்கு என்ன கொண்டாந்திருக்கீங்கக்கா?"

பால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் இரண்டு கையும் வெறுங்கை. பால் பையில் இருந்தது, பை அவரிடம் இருந்தது. அதைவிட, யாருக்காக வந்தேனோ அந்த ஆளே கீழே இருந்தார். இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதானே சொன்னேன்? கூட்டிக்கொண்டா வந்தேன்? அந்தப் பெண்ணுக்கு வழியை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

டிரைவர் தம்பி பார்த்துவிட்டார். "இன்னாக்கா, மாமா எங்க?"

"பின்னாடி வாராரு."

"பின்னாடின்னா? ஜோடிய வுட்டுட்டா வந்துக்கினே?" அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பாறை விளிம்பில் நின்று, ஏறி வருகிற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் தலை இல்லை. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. கடைசியாக ஏறி வந்த எங்கள் கூட்டத்துப் பெண் சொன்னார், "உங்க வீட்டுக்காரர் கீழயே உக்காந்திருக்காருங்க. நெஞ்சைத் தடவிக்கிட்டு இருந்தாரு. கேட்டா ஒண்ணுமில்லேன்னு சொல்றாரு."

இறங்குகிற படியில் நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வழிவிடுங்க, வழிவிடுங்க என்று கத்திக்கொண்டே, ஆட்களை இடித்துக்கொண்டே ஓடினேன். கடவுளே, இதற்குத்தானா நான் இவரை இங்கே கொண்டுவந்தேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பாறை நிழலில் அதே கல்லில் அவர் இருந்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. மடியில் தூக்கு, அதைச் சுற்றி ஈரத் துண்டு. ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்து, இன்னொரு கையால் சட்டையை வழித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா? எங்க வலிக்குது? சொல்லுங்க!"

"எனக்கு என்ன வலி? பால் கொட்டிருச்சு," என்றார். "ரெண்டு கடப்பாறை ஏறிப் பாத்தேன், பை சாஞ்சு தூக்கு கவுந்துருச்சு. இதைத் தூக்கிட்டு ஏறினா பாறைக்குத்தான் அபிஷேகம் ஆகும். சரி, நீ திரும்பி வருவல்லா, அப்ப ஆளுக்கொரு கை பிடிச்சிக்கிடலாம்னு உக்காந்துட்டேன். வெயில்ல திரிஞ்சிரக் கூடாதுன்னு குடிக்கிற தண்ணியையும் துண்டுல ஊத்தியாச்சு."

"பாலுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க?"

"காலையிலேருந்து நாலு தடவை தூக்கைத் திறந்து பாத்தியே. ஏதோ முக்கியம்னு தெரியாதா?"

அங்கேயே உடைந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். வராண்டா, காலண்டர், வேண்டுதல் எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே கொட்டிவிட்டேன். அவர் தூக்கின் மூடியைத் துணியால் மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா? வேகமா வந்திருப்பீங்களாக்கும்!"

"வேகமா வந்திருக்க மாட்டேன். உன்னைப் போ-ன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

கடப்பாறை வழி வேண்டாம் என்று, இறங்குகிற படியிலேயே கூட்டத்துக்கு எதிராக ஏறினோம். தூக்கு என் கையில். அவர் நின்றால் நின்றேன். எட்டு இடத்தில் நின்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். தூக்கில் பாதிதான் பால் இருந்தது, ஆனால் திரியவில்லை. அவர் கை தூக்கின் அடியில், என் கை மேலே. ஊற்றி முடித்தபோது மணி ஒன்று. அவர் சாமியிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றரைக்கு எல்லாரும் இறங்க ஆரம்பித்தோம். அப்போதுதான் என் ஐந்து மாடிப் பயிற்சி என்ன லட்சணம் என்று தெரிந்தது. ஏறத்தான் பழகியிருந்தேனே தவிர, இறங்கியதெல்லாம் லிஃப்டில். இருநூறு படி தாண்டுவதற்குள் முழங்கால் இரண்டும் கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு படிக்கும் உயிர் போய் வந்தது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, மறுகாலை அதே படியில் சேர்த்து, குழந்தை மாதிரி இறங்கினேன். கே.கே. நகர் மாமா தாண்டிப் போனார். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய அவமானமாக இருந்தது. இவர் மட்டும் கடையில் படி இறங்குவது மாதிரி சாதாரணமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து டிரைவர் தம்பி குரல் கொடுத்தார். "அக்கா, மாமா, டைம் ஆய்க்கினு கீது! அஞ்சு மணிக்குள்ள அடிவாரத்து ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ட தாண்டணும்!"

எனக்கு அதற்கு மேல் ஓர் அடி முடியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இவர் நான்கு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போங்க," என்றேன். "நான் வாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. காலையில் இதையே அவர் சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போகவில்லை. நான்கு படியும் திரும்ப ஏறி வந்தார். பையை இறக்கி வைத்தார். படியோரக் கல்லை ஈரத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு பேருக்கு இடம் பார்த்து, ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

நானும் உட்கார்ந்தேன்.